தண்டவாளம் போட்ட கரை: கரையோர ரயில் பற்றி வாசகர் கேட்டவை

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதை பற்றியும், அது போகும் கரை பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கொள்ளுப்பிட்டியில் தொடங்கிக் கல்கிசை வரை தண்டவாளம் கடலின் வாயிலேயே கிடக்கிறது. உப்புக்காற்றும் அலையும் தெரிந்துகொண்டே வெள்ளைக்காரன் ஏன் இப்படிப் போட்டான்?
— வாசகர், வெள்ளவத்தை

கோட்டையை விட்டு வெளிக்கிட்ட ரயில் நேரே கடலுக்குப் போவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காலிமுகத்திடலைத் தொடாமல், பேரை வாவிப் பக்கமாகக் கொம்பனித்தெருவைக் கடந்து, கொள்ளுப்பிட்டிக்கு வந்த பிறகுதான் கரையைப் பிடிக்கிறது. அதற்குத் தெற்கே பாதை போட வந்தவர்களுக்கு முன்னால் காலி வீதி ஏற்கனவே இருந்தது. வீதியின் இருபுறமும் பங்களாக்கள், தென்னந்தோட்டங்கள், கோயில்கள், கடைகள். வீதிக்குக் கிழக்கே கறுவாத் தோட்டமும் கால்வாயும் சதுப்பும். வீடு இடிக்காமல், மேடு வெட்டாமல், அதிக விலை கொடுக்காமல் கிடைக்கக்கூடிய நீளமான ஒரு துண்டு நிலம் கடலோர மணல் திட்டுத்தான். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. மணல் திட்டு தட்டையாகவும் கிட்டத்தட்ட நேராகவும் கிடந்தது. நிலத்துக்கு மிச்சம்பிடித்த காசை அடுத்து வந்த தலைமுறைகள் கருங்கல்லாகக் கடலில் கொட்டிக்கொண்டிருக்கின்றன என்பது வேறு கணக்கு.

இதனால் கொழும்பின் கடற்கரைக்கு ஒரு விசித்திரம் வாய்த்தது. வீடுகள் முகத்தைக் காலி வீதிக்கும் முதுகைக் கடலுக்கும் காட்டின. கடல் என்பது கொல்லைப்புறம்: கரி எஞ்சின் புகை, எண்ணெய், சத்தம். நடுவில் கிடந்த ரயில்வே ஒதுக்குக் காணியில் வேறு இடம் இல்லாத மக்கள் பலகை வீடு கட்டிக் குடியேறினார்கள். மொரட்டுவைப் பக்கம் அங்குலானையிலும் லுணாவையிலும் இன்றைக்கும் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே சமையல் நடக்கிறது. கொழும்பில் மரைன் டிரைவ் திறந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. தண்டவாளத்தின் தரைப்பக்கம் வீதி வந்ததும் கொல்லைப்புறம் முன்வாசலாகி, அங்கே மாடிக்குடியிருப்புகள் எழுந்தன. ஆனால் அந்த வீதியும் தண்டவாளம் போட்ட கோட்டின் வழியேதான் போகிறது. கடற்கரைக்கு இறங்க வேண்டுமென்றால் இன்றும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

தாண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இரட்டைப் பாதை. அலைச் சத்தம் ரயில் சத்தத்தை விழுங்கிவிடும்; டீசல் ரயில்பெட்டித் தொடர் பக்கத்தில் வந்த பிறகுதான் காதில் விழும். ஒரு ரயில் போனதும் உடனே காலை வைக்காதீர்கள். அதற்குப் பின்னால் எதிர்த்திசையில் வருவது கண்ணுக்குத் தெரியாது. கடவை இருக்கும் இடத்தில் கடப்பதே சரி.

ரயில் வந்ததால்தான் காலி வளர்ந்தது என்று மகளின் பாடசாலைக் கட்டுரையில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சரிதானா? ஆண்டுகளையும் தரவும்.
— வாசகி, கொட்டாஞ்சேனை

ஆண்டுகள் முதலில். இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. தெற்குப் பாதை துண்டு துண்டாகத்தான் நீண்டது. பாணந்துறை 1877, களுத்துறை 1878, பெந்தோட்டை 1890, அம்பலாங்கொடை 1893, காலி 1894, மாத்தறை 1895. கட்டுரையில் இந்த வரிசையைப் போடும்போது களுத்துறைக்கும் பெந்தோட்டைக்கும் நடுவே உள்ள 12 வருட இடைவெளியைக் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்டிப் பாதைக்குக் கோப்பி இருந்தது. கோப்பியை இலை நோய் தின்று தீர்த்த அந்தக் காலத்தில் அரசாங்க வருமானமும் விழுந்தது. தெற்குக் கரைக்குக் கோப்பி போல ஒரே பெரிய சரக்கும் இல்லை.

இனி அந்த வாக்கியம். அது பாதிதான் சரி. ரயில் வருவதற்கு முன்பு காலிதான் இத்தீவின் பெரிய கப்பல் வாசல். ஐரோப்பாவிலிருந்து வரும் தபால் கப்பல்கள் அங்கேதான் நின்றன. தபால் காலியிலிருந்து குதிரை வண்டியில் கொழும்புக்கு வந்தது. 1850களில் ஒரு கொழும்புப் பத்திரிகை காலிக்கு வரும் வெளிநாட்டுச் செய்தியைப் புறாவின் காலில் கட்டிக்கூட வரவழைத்தது. ஆனால் காலித் துறைமுகத்தில் பாறைகள் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் கப்பல்கள் ஆடும். 1875 டிசம்பரில் கொழும்பில் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டி 1885இல் முடித்தார்கள். அதற்கான கல் மஹர கல்லுடைப்பிலிருந்து ரயிலில்தான் வந்தது. அலைதாங்கி எழ எழக் கப்பல்கள் கொழும்புக்கு மாறின.

ஆகவே 1894இல் ரயில் காலிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலி துறைமுகமாக ஏற்கனவே தோற்றுப்போயிருந்தது. பாதை முப்பது வருடம் முந்திக் காலியிலிருந்து புறப்பட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கொழும்பிலிருந்து புறப்பட்டு வந்ததால், தென் கரையின் சரக்கையும் ஆட்களையும் கொழும்புக்கு இழுக்கும் கயிறாக அது ஆனது. காலி நகரம் பிழைத்தது. மாவட்டத் தலைநகராக, சந்தையாக, பள்ளிக்கூட நகரமாக வளர்ந்தது. ஆனால் கப்பல் வாசல் என்ற இடத்திலிருந்து கொழும்பின் தெற்கு நிறுத்தம் என்ற இடத்துக்கு இறங்கியது. “காலி வளர்ந்தது” என்பதற்குப் பதிலாக “கொழும்பு காலி வரை நீண்டது” என்று மகள் எழுதினால் ஆசிரியர் ஏன் என்று கேட்பார். மேலே உள்ள ஆண்டுகளைக் காட்டலாம்.

தெஹிவளை, பாணந்துறை, அளுத்கம போன்ற இடங்கள் ரயிலால் எப்படி மாறின? சரக்கா, ஆட்களா, எது முக்கியம்?
— வாசகர், தெஹிவளை

ஆட்கள்தான். சரக்கும் போனது: களுத்துறைப் பக்கத்துச் சாராயம், தென்னந்தும்பு, கயிறு, கொப்பரா, தெற்கின் காரீயம் (கிராஃபைட்), மொரட்டுவைத் தளபாடம், ஐஸ் பெட்டியில் மீன். ஆனாலும் மலைநாட்டுப் பாதையைப் போல ஒரு தோட்டப் பயிரை நம்பி ஓடிய பாதை அல்ல இது. ஊர் ஊராக ஏறி இறங்கும் மூன்றாம் வகுப்புப் பயணிதான் இதன் மூலதனம்.

அந்தப் பயணியால் கரையின் வடிவமே மாறியது. காலி வீதியும் தண்டவாளமும் ஏணியின் இரண்டு கால்கள் போல ஓடுகின்றன; நடுவில் உள்ள ஒழுங்கைகள் படிகள். நிலையம் இருக்கும் படிதான் எப்போதும் தடித்த படி. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் ஸ்டேஷன் ரோட்டில் நின்று பாருங்கள். ஒரு முனையில் பயணச்சீட்டு யன்னல், மறுமுனையில் காலி வீதிச் சந்தி. இடையில் தேநீர்க்கடை, மருந்துக்கடை, பழக்கடை, பூக்கடை, மாலையானால் மீன். இரண்டு ஒழுங்கை தள்ளிப் போனால் அமைதி. நிலையங்கள் இங்கே ஒன்றரை, இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்று இருப்பதால் கடைத்தெருக்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ந்து போய்விட்டன. களுத்துறைக்குத் தெற்கே நிலையங்களுக்கிடையே தூரம் கூடும் இடங்களில் ஊர்களும் தனித்தனியாகத் தெரியும்.

சீசன் டிக்கெட் இதை இன்னும் நீட்டியது. கோட்டையில் எழுத்தர் வேலை, வீடு பாணந்துறையில் அல்லது அளுத்கமவில் என்பது ரயிலில்லாமல் நடக்காத காரியம். கல்கிசையில் ஆளுநர் மாளிகையாக இருந்த கட்டடம் ரயில் வந்த காலத்தில் ஹோட்டலானது. நகரத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடல் குளிக்கப் போகும் பழக்கம் அதோடு வந்தது. இரத்மலானைக்கு ரயில்வேயின் பெரிய வேலைத்தளம் மருதானையிலிருந்து 1930களில் மாறிய பிறகு அந்த ஊர் தொழிலாளர் ஊராயிற்று. அதே பத்தாண்டில் விமான நிலையமும் அங்கே வந்தது.

பெந்தோட்டை வேறு வகை. 1960களின் பிற்பகுதியில் அரசு அதை உல்லாசப் பயண விடுதி நகரமாகத் திட்டமிட்டது. ஜெஃப்ரி பாவா வரைந்த அந்தத் தொகுதியில் ஹோட்டலோடு ரயில் நிலையமும் ஒரு பகுதி. மற்ற ஊர்களில் நிலையத்தைத் தேடி ஊர் வந்தது. இங்கே விருந்தாளியை இறக்கிவிடத் திட்டத்தோடு நிலையம் வந்தது.

ஒவ்வொரு தென்மேற்குப் பருவத்துக்கும் தண்டவாளத்தோரம் லொறி லொறியாகக் கல் கொட்டுகிறார்கள். அடுத்த வருடம் அது காணாமல் போகிறது. கல் எங்கே போகிறது?
— வாசகர், மொரட்டுவை

எங்கும் போகவில்லை, கீழே போகிறது. மே முதல் செப்டெம்பர் வரை அலை பெரிதாக வரும்போது அணையின் அடியில் மோதித் திரும்பி, அடிவாரத்து மணலைத் தோண்டும். குழி விழுந்ததும் கீழ்க்கல் சரியும், மேல்கல் அதன் பின்னால் இறங்கும். நீங்கள் காண்பது மேலே தோன்றும் பள்ளத்தை மட்டும். மேலிருந்து மறுபடி கல் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

சரியாகக் கட்டிய கல்லணைக்கு நாலு விஷயம் வேண்டும். மணலின் மேல் முதலில் நீர் போகும், மணல் போகாத துணிவிரிப்பு. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு அலையும் பின்வாங்கும்போது கல்லின் இடுக்கு வழியே மணலை உறிஞ்சி எடுக்கும். கல் அசையாமல் இருக்கும், பின்னால் நிலம் பொள்ளும். துணிக்கு மேல் சிறு கல் அடுக்கு. அதற்கு மேல் கவசக் கல், குறைந்தது இரண்டு அடுக்கு, ஒன்றோடொன்று கவ்வும் முரட்டு முனை உள்ளதாக. உருண்டைக் கல் உருண்டே போகும். நான்காவது, அடிக்கால்: மணல் எவ்வளவு ஆழம் அரிபடும் என்று பார்த்து அதற்குக் கீழே போகும்படி கல்லைப் புதைப்பது. சரிவு, உயரம் ஒன்றுக்குக் கிடைத்தூரம் ஒன்றரை முதல் இரண்டு வரை. அதைவிடச் செங்குத்தானால் அலை இன்னும் பலமாகத் திருப்பி அடிக்கும்.

கல்லின் எடையில்தான் அவசர வேலை அதிகம் பிசகுகிறது. தேவையான எடை அலை உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 2 மீற்றர் அலைக்கு ஒரு தொன் கல் போதுமென்றால் அதே சரிவில் 3 மீற்றர் அலைக்கு 3.4 தொன் வேண்டும். டிப்பரில் கொண்டுவந்து கவிழ்க்கும் கலவைக் கல்லில் பாதிக்கு இந்த எடை இருக்காது.

நன்றாகக் கட்டிய அணையும் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பகை. அணை முடியும் இடத்தில் அலை வளைந்து அடுத்த மணலைத் தின்னும். ஆகவே பக்கத்தில் இன்னொரு அணை, பிறகு இன்னொன்று. இயற்கையான கரை பருவத்துக்குப் பருவம் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளம் நகர முடியாது. ரயிலுக்காகக் கரையில் கோடு ஒன்றை நிலைநிறுத்தினால் அந்தக் கோட்டுக்கு முன்னால் உள்ள மணலை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். வரும் மணலும் குறைந்துவிட்டது: ஆறுகளில் மணல் அள்ளுவதால் கடலுக்குப் போகும் பங்கு குறைகிறது. 2020இல் கல்கிசையிலும் களுத்துறையிலும் கடலடி மணலைக் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தார்கள். பருவக்காற்றுக்கு முன்னால் போட்ட மணலில் பெரும்பங்கு அலையில் இறங்கியதைக் கண்டு பலர் கொதித்தார்கள். மணல் போட்டால் அது பரவத்தான் செய்யும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், அதற்குப் பணம் யார் தருவது என்று முன்பே தீர்மானிக்காவிட்டால் போடாமலே இருக்கலாம்.

தண்டவாளத்துக்கு இதில் என்ன நடக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான சிலிப்பருக்குக் கீழே 25 முதல் 30 சென்ரிமீற்றர் கருங்கல் சல்லி இருக்க வேண்டும். அரிப்பில் கடல்பக்கத் தோள் சரிந்தால் சல்லி வழியும், சிலிப்பரின் ஒரு முனை அந்தரத்தில் தொங்கும், ஒரு தண்டவாளம் மற்றதைவிடத் தாழும். அப்போதுதான் அந்த இடத்துக்கு வேகக் கட்டுப்பாடு போடுகிறார்கள். நீங்கள் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் அந்த மெதுவான ஓட்டம் அதனால்தான். இன்னொரு பகை காற்றோடு வரும் மணல். சல்லிக் கற்களின் இடைவெளியை மணல் நிரப்பினால் மழைநீர் வடியாது, ரயில் ஏறும்போதெல்லாம் சேறு மேலே துப்பும். உப்புத் தூறலால் தண்டவாளத்தின் அடிப்பாதமும் அதைப் பிடிக்கும் கிளிப்பும் துருப்பிடிக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் தண்டவாளம் அடியில் மெலிந்திருக்கலாம். இந்தியக் கடனுதவியில் களுத்துறைக்குத் தெற்கே 2010க்குப் பிறகு பாதையைப் புதுப்பித்தபோது கொங்கிறீட் சிலிப்பர் போட்டார்கள். மரம் உளுக்கும், கொங்கிறீட் உளுக்காது. ஆனால் கிளிப் இரும்புதான்.

மரைன் டிரைவில் அல்லது அதற்குத் தெற்கே தண்டவாளத்தோரம் காணியோ பிளாட்டோ வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகி, பம்பலப்பிட்டி

வாங்கலாம், காகிதம் சரியாக இருந்தால். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியின் பிரதியை விற்பவரிடம் கேளுங்கள். காணி என்றால் அங்கீகாரம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையை மறுபடி அளந்து, ரயில்வே ஒதுக்கு எங்கே முடிகிறது என்று படத்தில் குறிக்கச் செய்யுங்கள். பழைய உறுதியில் “மேற்கே கடல்” என்று எழுதியிருப்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நடுவில் ரயில் இருக்கிறது. ஒதுக்குக் காணியில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் அது அரச காணிதான், உறுதி முடிக்க முடியாது. மாநகர சபையில் வீதி எல்லை, கட்டட எல்லைச் சான்றிதழையும் நொத்தாரிசு எடுக்கட்டும்.

கட்டடத்தில் ரயில் அதிர்வைவிட உப்பே பெரிய ஆபத்து. பல்கனிக் கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பி போகும் கோட்டில் பழுப்புக் கறையோ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது. மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் விரல் மொளியால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் கேட்கும். கம்பிக் கிறில் போடுவதானால் 304 தர எவர்சில்வர் இங்கே நிற்காது, 316 கேளுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல்பக்கச் சுவரில் மாட்ட விடாதீர்கள்.

காலிக்குப் போகும்போது கடல் எந்தப் பக்கம்?
— வாசகர், மருதானை

கோட்டையிலிருந்து போகும்போது வலப்பக்கம். மாத்தறை வரை போவதானால் காலியில் எழுந்து எதிர்ப்பக்க யன்னலுக்கு மாறுங்கள். காலி நிலையத்தில் பாதை முட்டி நிற்கிறது. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி ரயில் பின்னோக்கிப் புறப்படும். கொழும்பிலிருந்து கடலைப் பார்த்து வந்த இருக்கை அதற்குப் பிறகு தரையைப் பார்க்கும். இது தெரிந்தவர்கள் காலி வரும் முன்பே எழும்பி நிற்பார்கள்.

2004 கடற்கோளில் பெரேலியவில் ரயில் போனது. சற்றுத் தள்ளி ஹிக்கடுவையில் சேதம் குறைவு என்கிறார்கள். ஏன்?
— வாசகர், கல்கிசை

டிசம்பர் 26 காலை மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் முதல் அலையில் நின்றது. நின்ற ரயிலைப் பாதுகாப்பு என்று நம்பி ஊர் மக்களும் அதில் ஏறினார்கள், அதன் மறைவில் நின்றார்கள். அடுத்த அலை பெரிது. இறந்தவர் 1,700க்கு மேல். உலக ரயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை.

ஹிக்கடுவையில் கரைக்கு முன்னால் முருகைக்கற்பாறை காப்பாற்றப்பட்டிருந்தது. 1979இலேயே அது சரணாலயம். பெரேலியப் பக்கத்தில் சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல்லை நெடுங்காலம் உடைத்து எடுத்திருந்தார்கள். பாறை இருந்த இடத்தில் அலை உடைந்தது. இல்லாத இடத்தில் உடையாமல் உள்ளே வந்தது. அந்தச் சுண்ணாம்பில் கட்டிய வீடுகள் கொழும்பிலும் உண்டு. அந்த ரயிலை இழுத்த எஞ்சின் 591ஐத் திருத்தி மறுபடி ஓட விட்டார்கள். பாதை சுமார் இரண்டு மாதத்தில் திறந்தது, அதே இடத்தில், அதே மட்டத்தில். அப்போது 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கம் தன் தண்டவாளத்தை மட்டும் நகர்த்தவில்லை.

எங்கள் கிழக்குக் கரையில் ஏன் இப்படி ஊர்கள் கோர்த்தாற்போல் வளரவில்லை?
— மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில் வசிக்கும் வாசகர்

உங்கள் ரயில் கரையோரமாக ஓடவில்லை. 1928 அளவில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்த பாதைகள் காட்டைக் குறுக்கே வெட்டி வந்து, கடலைத் தொட்ட இடத்தில் நின்றன. காங்கேசன்துறைக்கு 1905இல் வந்ததும் அப்படித்தான். முனையில் ஒரு நகரம் தடிக்கும். இரு முனைக்கும் இடையே உள்ள கரை பழைய மாதிரியே இருக்கும். கல்முனையும் காத்தான்குடியும் வீதியாலும் வயலாலும் வியாபாரத்தாலும் நெருங்கிய ஊர்கள், ரயிலுக்கு அதில் பங்கில்லை.

நெடுஞ்சாலை வந்த பிறகும் கரையோர ரயிலுக்கு வேலை இருக்கிறதா? பெலியத்தப் பாதை எதற்கு?
— வாசகர், பாணந்துறை

2011இல் கொட்டாவையிலிருந்து காலிக்கு அதிவேக நெடுஞ்சாலை திறந்தது, 2014இல் மாத்தறையை எட்டியது. அது கரையைத் தொடாமல் உள்நாட்டில் ஓடுகிறது. வெளியேறும் சந்திகளைச் சுற்றித்தான் இப்போது காணி விலை ஏறுகிறது. காலிக்கும் மாத்தறைக்கும் அவசரமாகப் போகிறவர்கள் அதில் போய்விட்டார்கள். ஆனால் நெடுஞ்சாலையால் வாதுவையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருபவருக்குப் பயனில்லை. பாணந்துறை, களுத்துறை, அளுத்கம அலுவலக ரயில்கள் நின்றால் மறுநாள் காலி வீதி அசையாது. ஆகவே பணம் வந்தால் முதலில் போக வேண்டியது களுத்துறைக்கு அப்பால் ஒற்றைப் பாதையாக உள்ள இடங்களுக்கு என்பது எங்கள் கருத்து. ஒற்றைப் பாதையில் எதிர் ரயிலுக்காக ஒன்று காத்து நிற்கும்போது அதன் தாமதம் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

மாத்தறையிலிருந்து பெலியத்த வரை 26.75 கிலோமீற்றர் பாதை 2019 ஏப்ரல் 8இல் திறந்தது; சுதந்திரத்துக்குப் பிறகு போட்ட முதல் புதிய நீட்சிப் பாதை இது. கதிர்காமம் வரை கொண்டுபோவது திட்டம். கெக்கணதுர, பம்பரெந்த, வெவுருகன்னல, பெலியத்த என்று அதன் நிலையங்களைப் படத்தில் தொட்டுப் பாருங்கள்: ஒன்றும் கடலோரம் இல்லை. 1895இல் வந்தவர்கள் மலிவான நிலம் தேடிக் கரைக்குப் போனார்கள். இன்று கரையில் மலிவான நிலம் இல்லை. நேராகவும் வேகமாகவும் போக வேண்டுமென்றால் சுரங்கமும் பாலமும் கட்டி உள்ளே போவதுதான் வழி. தங்காலைக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பெலியத்தவில் இறங்கி பஸ் அல்லது முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும்.